அசோலா: நைட்ரஜன் அதன் பொறுப்பு, மற்றவை நம் பொறுப்பு

தமிழ்நாட்டில் மாடு வளர்ப்பவர்கள் பலரும் அசோலாவைப் பார்த்திருப்பார்கள். செங்கல் அடுக்கி, சில்பாலின் ஷீட் விரித்து, ஒரு சாண்கூட ஆழமில்லாமல் தண்ணீர் நிறுத்திய தொட்டியில் இடைவெளி தெரியாமல் பச்சை படர்ந்திருக்கும். சில ஊர்களில் அதற்கு மூக்குத்திச் செடி என்று பெயர். கம்மல் பாசி என்பவர்களும் உண்டு. ஆர்வத்தோடு தொடங்கிய தொட்டிகளில் பல, மாசி பங்குனி தாண்டும்போது வெறும் கலங்கல் தண்ணீராகிவிடுகின்றன. செடி சிவந்து, பழுப்பேறி, அழுகிப்போயிருக்கும். 'நமக்கு ராசியில்லை' என்று ஷீட்டைச் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

ராசி இதற்குக் காரணமில்லை. அசோலாவைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. தண்ணீரில் போட்டால் தானே பெருகும் களை அது என்பது ஒன்று. மற்ற பயிர்களைப் போல உரம் கொட்டினால் வளரும் என்பது இன்னொன்று. இரண்டுமே பிழை. மற்றப் பயிர்களுக்கு நாம் காசு கொடுத்து வாங்கிப் போடும் நைட்ரஜனை அசோலா தானே தேடிக்கொள்ளும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), நிழல், நெருக்கம் இல்லாத நீர்ப்பரப்பு ஆகிய மூன்றையும் அதனால் தேடிக்கொள்ள முடியாது. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த வேலைப்பிரிவினை புரிந்துவிட்டால் தொட்டியைப் பராமரிப்பது எளிது. புரிந்துகொள்ள, முதலில் அந்தச் சின்னஞ்சிறு இலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பாசி அல்ல, பெரணி

பாசி என்று அழைக்கப்பட்டாலும் அசோலா பாசி இனம் அல்ல. மலைச்சரிவுகளிலும் கிணற்றுச் சுவர்களிலும் முளைக்கும் பெரணிகளின் உறவு அது. பூக்காது, காய்க்காது, விதைக்குப் பதில் நுண்வித்துகளால் இனம் பெருக்கும். 1783-இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லமார்க் இதற்கு அசோலா என்று பெயரிட்டார். நம் வயல்களிலும் குட்டைகளிலும் இயல்பாகக் காணப்படும் அசோலா பின்னேட்டா என்ற இனத்தை 1810-இல் ராபர்ட் பிரவுன் விவரித்தார்.

ஒரு செடியை விரல்நுனியில் எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது. முக்கோண வடிவில் கிளை பிரிந்து, மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக இலைகள் அடுக்கியிருக்கும். அடியில் மெல்லிய வேர்கள் தண்ணீரில் தொங்கும். ஒவ்வொரு இலையும் இரண்டு மடல் கொண்டது. கீழ்மடல் நிறமற்று மெலிந்து நீரைத் தொட்டுக்கொண்டு, செடியை மிதக்க வைக்கிறது. மேல்மடல் பச்சையாகத் தடித்து, நீர் ஒட்டாத நுண்புடைப்புகளோடு இருக்கும். கை வைத்து அழுத்தி மூழ்கடித்தாலும் செடி நனையாமல் மேலே வந்துவிடுவது இதனால்தான். ஒளிச்சேர்க்கை நடப்பது மேல்மடலில். அதன் உட்புறம் ஓர் அறை இருக்கிறது. இந்தச் செடியின் கதை முழுவதும் அந்த அறையில்தான் நடக்கிறது.

அறைக்குள் யார்?

அந்த அறையில் நீலப்பச்சைப்பாசி குடியிருக்கிறது. பெயரில் பாசி இருந்தாலும் அது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா. மணிமாலைபோலக் கோத்த செல்களாக வாழ்வது. அனபீனா அசோலே என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இதை இப்போது நாஸ்டாக் அசோலே என்றும் குறிப்பிடுகிறார்கள்.

நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனாலும் பயிர்கள் நைட்ரஜன் இல்லாமல் வாடுகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதுதான் காரணம். அந்தக் கட்டை அவிழ்க்கத் தாவரங்களுக்குத் தெரியாது. யூரியா ஆலைகளுக்கு அம்மோனியா தரும் ஹேபர்-பாஷ் முறையில் இந்தக் கட்டை அவிழ்க்க 400 முதல் 500 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அசோலாவின் இலையறையில் குடியிருக்கும் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் செய்கிறது. செய்வது நைட்ரோஜினேஸ் என்ற நொதி.

இந்த நொதி மலிவானது அல்ல. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை அம்மோனியாவாக்க, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16 செலவாகிறது. நொதியின் மையத்தில் இரும்பும் மாலிப்டினமும் இருந்தாக வேண்டும். ஆக்சிஜன் பட்டால் நொதி செயலிழந்துவிடும். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிருக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் ஒளிச்சேர்க்கை வெளியிடுவதே ஆக்சிஜனைத்தான். நீலப்பச்சைப்பாசி இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. மாலையின் சில செல்கள் மட்டும் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவிடும் பகுதியைக் கைவிட்டு, தடித்த சுவர் எழுப்பிக்கொண்டு, நைட்ரஜன் வேலைக்கென்றே ஒதுங்கிவிடுகின்றன. இவற்றுக்கு ஹெட்டரோசிஸ்ட் என்று பெயர். பக்கத்துச் செல்கள் இவற்றுக்குச் சர்க்கரை தருகின்றன.

தனித்து வாழும் நீலப்பச்சைப்பாசியில் பத்து இருபது செல்லுக்கு ஒன்றுதான் ஹெட்டரோசிஸ்ட். தன் தேவைக்கு அது போதும். அசோலாவின் முதிர்ந்த இலையறையிலோ இது 20 முதல் 30 சதவீதம் வரை உயர்கிறது. அங்கே உருவாகும் அம்மோனியாவின் பெரும்பகுதியைப் பாக்டீரியா தானே பயன்படுத்திக்கொள்ளாமல் அறைக்குள் விடுகிறது. அறைச்சுவரில் நீண்டிருக்கும் நுண்மயிர்கள் வழியாகச் செடி அதை எடுத்துக்கொள்கிறது. பதிலுக்குச் செடி உணவும் உறைவிடமும் தருகிறது.

தலைமுறை தாண்டி வரும் துணை

பயறு, கடலை, சணப்பு போன்ற செடிகளின் வேர்முடிச்சுகளிலும் நைட்ரஜனை நிலைப்படுத்தும் ரைசோபியம் என்ற பாக்டீரியா உண்டு. ஆனால் ஒவ்வொரு பயறுச் செடியும் தன் ரைசோபியத்தை மண்ணிலிருந்து புதிதாகத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதைக்கும் முன் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்வது அதனால்தான். அசோலாவுக்கு இந்தத் தேடல் கிடையாது. செடியின் வளரும் நுனியில் பாக்டீரியாவின் சிறு கூட்டம் ஒன்று எப்போதும் காத்திருக்கிறது. புதிய இலை அரும்பும்போது அதிலிருந்து சில இழைகள் அறைக்குள் நுழைகின்றன. அறை வாயைக் குறுக்கிக்கொள்கிறது. வித்துறை உருவாகும்போதும் சில இழைகள் அதன் மூடிக்குள் இடம்பிடித்துவிடுகின்றன. பால்சட்டியோடு உறைமோரையும் கொடுத்தனுப்புவதைப் போல, தாய்ச்செடி தன் வித்தோடு துணையையும் சேர்த்தே அனுப்புகிறது.

இந்த உறவு எவ்வளவு பழையது என்பதற்குப் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியே சாட்சி. அது வாசிக்கப்பட்டு 2010-இல் வெளியானபோது, மரபணுக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு செயலிழந்து கிடப்பது தெரிந்தது. தனித்து வாழத் தேவையான பல திறன்களை அது இழந்துவிட்டது. நைட்ரஜனை நிலைப்படுத்தும் திறன் மட்டும் குறையவில்லை. செடியைவிட்டுப் பிரித்து அதை வளர்த்தெடுக்க ஆய்வகங்களில் செய்த முயற்சிகள் பலிக்காததன் பொருள் இப்போது புரிகிறது. 2018-இல் அசோலாவின் மரபணுத்தொகுதியும் வெளியானது. பெரணிகளில் முதன்முதலில் முழுமையாக வாசிக்கப்பட்டவை அசோலாவும், அதன் நெருங்கிய உறவான சால்வினியாவும்தான். அந்த ஆய்வுக்குப் பொதுமக்களிடமிருந்தும் நிதி திரட்டினார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி.

வசதியான நிலைமை கிடைத்தால் இந்தக் கூட்டணி எவ்வளவு பெருகும் என்பதற்கு வடதுருவத்தில் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. 2004-இல் ஆர்க்டிக் கடலின் நடுவே, லொமனோசொவ் மலைத்தொடரில் துளையிட்ட ஆய்வாளர்கள், ஏறத்தாழ 4.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் அடுக்கடுக்காக அசோலா வித்துகளைக் கண்டார்கள். ஹெங்க் பிரிங்குய்ஸ் குழுவினர் 2006-இல் இதை வெளியிட்டனர். அப்போது ஆர்க்டிக் கடல் கிட்டத்தட்ட நிலத்தால் சூழப்பட்டிருந்தது. ஆறுகள் கொண்டுவந்த நன்னீர் உப்புநீரின்மேல் படலமாக நின்றது. அந்தப் படலத்தில் சுமார் 8 லட்சம் ஆண்டுகள் அசோலா வளர்ந்து, மடிந்து, கடலடியில் படிந்தது. அது தன்னோடு புதைத்த கரியமிலவாயு பூமி குளிர்ந்ததில் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்பது அந்த ஆய்விலிருந்து எழுந்த கருதுகோள்.

கோடையைத் தாண்டவைக்கும் அறிவு

அசோலாவை மனிதர் பயிராக வளர்ப்பது புதிதல்ல. சீனாவில் ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிசியே எழுதிய வேளாண் நூலில் இதைப் பற்றிய குறிப்பு இருப்பதாகச் சொல்வார்கள். வியட்நாமின் தாய் பின் பகுதியில் லா வான் என்ற கிராமம் அசோலாவுக்குப் பெயர்போனது. அதை வளர்க்கும் முறையைக் கண்டறிந்ததாக நம்பப்படும் பா ஹெங் என்ற உழவர் பெண்ணின் நினைவு அங்கே கோயிலாக நிலைத்திருக்கிறது.

அந்த ஊர்க்காரர்கள் விற்றது விதை அசோலாவை. வட வியட்நாமில் அசோலா குளிர்காலத்தில் செழித்து, கோடையில் அழிந்துவிடும். அடுத்த பருவத்துக்குக் கொஞ்சம் தாய்ச்செடியைக் கோடை முழுவதும் உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த குடும்பங்கள் சிலவே. அந்த நுட்பத்தை அவர்கள் குடும்பச் சொத்தாகக் காத்தார்கள். மற்ற உழவர்கள் ஆண்டுதோறும் அவர்களிடம் வாங்கினார்கள். அசோலாவை வளர்ப்பதைவிடக் கோடையைத் தாண்டவைப்பதே பெரிய அறிவு என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். கத்திரி வெயில் காயும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

இந்தியாவில் 1970-களிலிருந்து கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அசோலாவை நெல்லுக்கு உரமாக ஆராய்ந்தது. அதைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்ததில் கன்னியாகுமரிக்குப் பெரும் பங்கு உண்டு. விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தில் டாக்டர் கமலாசனன் பிள்ளையும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய எளிய தொட்டி முறைதான், சிறு மாறுதல்களோடு, இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது.

தொட்டி அமைப்பது

பகல் முழுவதும் வெயில் கொளுத்தும் இடமும் வேண்டாம். வெளிச்சமே வராத இடமும் வேண்டாம். சிதறிய நிழல் விழும் தென்னையடி நல்லது. புளி, வேம்பு போன்ற மரங்களுக்கு அடியில் இலையும் பூவும் கொட்டித் தொட்டி அழுகும். மரமில்லாவிட்டால் 50 சதவீத நிழல்வலை போதும். காற்று வேகமாக அடிக்கும் பக்கம் ஒரு தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் செடிகளெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி நசுங்கும்.

தரையைச் சமன்படுத்தி, வேர்கள் துளைக்காதபடி பழைய சாக்கு விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, 2 மீட்டருக்கு 2 மீட்டர் சில்பாலின் ஷீட்டை விரிக்க வேண்டும். அதில் சலித்த வளமான மண் 10 முதல் 15 கிலோ பரப்ப வேண்டும். 2 கிலோ பசுஞ்சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 10 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் வரும்வரை தண்ணீர் விட வேண்டும். கலங்கல் தெளிந்ததும் அரை முதல் ஒரு கிலோ சுத்தமான தாய் அசோலாவைத் தூவி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தால் கவிழ்ந்து விழுந்தவை நிமிர்ந்துகொள்ளும். பத்துப் பதினைந்து நாளில் தொட்டி மூடிவிடும்.

10 சென்டிமீட்டர் என்பதற்குக் காரணம் உண்டு. ஆழம் குறைந்தால் வேர் மண்ணில் பதிந்துவிடும். செடி மிதக்காது, மேலே பெருகாது. நீரும் சீக்கிரம் சூடாகும். ஆழம் மிகுந்தால் மண்ணிலிருந்து கரையும் இரும்பு முதலிய நுண்ணூட்டங்கள் வேருக்கு எட்டாமல் நீர்த்துப்போகும். உப்பேறிய போர் தண்ணீர் அசோலாவுக்கு ஆகாது. குளோரின் கலந்த குழாய்நீராக இருந்தால் ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்தலாம்.

மணிச்சத்துக் கணக்கு

ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு கிலோ சாணமும் கரைத்து ஊற்ற வேண்டும் என்பது கன்னியாகுமரி முறையின் அடுத்த விதி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். தொடக்கத்தில் போட்டாயிற்றே, செடிதான் பச்சையாக இருக்கிறதே என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 20 கிராமின் நியாயம் தெரியும்.

நன்றாக வளரும் தொட்டியிலிருந்து நாளுக்கு அரைக் கிலோ எடுக்கலாம். ஐந்து நாளில் இரண்டரைக் கிலோ. அசோலாவில் 94 சதவீதம்போல நீர்தான். ஆக, நாம் எடுத்துச் செல்லும் உலர் பொருள் ஏறத்தாழ 150 கிராம். அதில் பாஸ்பரஸ் 0.5 முதல் 0.9 சதவீதம் இருக்கும். அதாவது ஐந்து நாளில் முக்கால் கிராமிலிருந்து 1.35 கிராம் வரை பாஸ்பரஸ் தொட்டியைவிட்டு வெளியேறுகிறது. மறுபக்கம், 16 சதவீத மணிச்சத்துள்ள (பாஸ்பரஸ் ஆக்சைடாக) சூப்பர் பாஸ்பேட் 20 கிராமில் தனிமமாகக் கணக்கிட்டால் 1.4 கிராம் பாஸ்பரஸ். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சாணம் தரும் பாஸ்பரஸ், மண்ணில் பிடிபட்டுப்போகும் இழப்பை ஈடுகட்டும்.

அதே 150 கிராமில் நைட்ரஜன் சுமார் 4 சதவீதம், அதாவது 6 கிராம். சாணத்திலிருந்து சிறு பங்கு வந்தாலும், எஞ்சியதைக் காற்றிலிருந்து இலையறைகள் எடுத்துத் தந்துவிடும். யூரியா போடத் தேவையே இல்லை. போட்டால் கெடுதல்தான்: தண்ணீரில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் பச்சைநூல்பாசிகள் பெருகி அசோலாவோடு போட்டிக்கு வரும்; இலையறையில் நைட்ரஜன் வேலையும் தளரும்.

மண்ணைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நைட்ரோஜினேஸ் கேட்கும் இரும்பும் மாலிப்டினமும் அங்கிருந்துதான் கரைகின்றன. மாதம் ஒருமுறை 5 கிலோ பழைய மண்ணை எடுத்துப் புதுமண் இடுவதும், பத்து நாளுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் காலிசெய்து கழுவிப் புதிதாகத் தொடங்குவதும் இதற்காகத்தான். வெளியேற்றும் நீரும் மண்ணும் வீணல்ல. வாழைக்கும் கீரைப்பாத்திக்கும் அவை நல்ல உரம்.

அள்ளுவதே பராமரிப்பு

நல்ல நிலைமையில் அசோலா நான்கைந்து நாளில் எடையில் இரட்டிப்பாகும். தொட்டியில் 3 கிலோ மிதக்கிறது, நான்கு நாளில் இரட்டிக்கிறது என்றால், நாளுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ புதிதாகச் சேரும். அந்த அரைக் கிலோவை அன்றன்று எடுத்துவிட்டால் மிச்சமுள்ளவை அதே வேகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். எடுக்காமல் விட்டால் செடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பாய்போலத் தடிக்கும். கீழே அகப்பட்டவற்றுக்கு வெளிச்சம் கிடைக்காது. அவை அழுகத் தொடங்கும். அழுகல் நீரின் ஆக்சிஜனைக் குடிக்கும், பூஞ்சையை அழைக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் தொட்டி கருத்துக் கிடப்பது பெரும்பாலும் பட்டினியால் அல்ல, நெரிசலால்.

அதனால் மாட்டுக்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ, தொட்டிக்காக அள்ள வேண்டும். மிஞ்சியதைக் கோழிக்கும் வாத்துக்கும் கொடுக்கலாம், உரக்குழியில் போடலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அள்ளி, பாதி வாளித் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சாணவாடை இருந்தால் மாடு முகம் திருப்பிக்கொள்ளும். அலசிய நீரைக் கீழே கொட்டக் கூடாது. சல்லடைக் கண் வழியாக விழுந்த குஞ்சுச் செடிகள் அதில் இருக்கும். தொட்டியிலேயே திரும்ப ஊற்றினால் அவையே நாளைய பயிர்.

கொடுக்கும்போது முதலில் கொஞ்சமாகத் தவிட்டோடும் புண்ணாக்கோடும் கலந்து பழக்க வேண்டும். கன்னியாகுமரிக் குழுவினர் நாளுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ அசோலாவை வழக்கமான தீவனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பால் 15 சதவீதம்போலக் கூடியதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் 'வழக்கமான தீவனத்தோடு' என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலர் எடையில் 25 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் 2 கிலோ பச்சை அசோலாவில் உலர் பொருள் 120 கிராம். அதில் புரதம் 30 கிராம். 70 கிராம்போலக் கடலைப் புண்ணாக்கு இதே புரதத்தைத் தந்துவிடும். ஒரு கிலோ அசோலா ஒரு கிலோ தீவனத்துக்குச் சமம் என்று நம்பித் தீவனத்தைக் குறைத்தால் மாடு மெலியும். அசோலா தாதுக்களும் வைட்டமின் ஏவாக மாறும் கரோட்டினும் தரும் துணை உணவு. அந்த இடத்தில் வைத்தால் அது தன் பங்கைச் சிறப்பாகச் செய்யும்.

செடி காட்டும் அடையாளங்கள்

சிவப்பு முதல் அடையாளம். அசோலா எந்த நெருக்கடிக்கும் செந்நிற நிறமிகளைச் சுரந்துதான் பதில் சொல்லும். கடும்வெயில், குளிர், மணிச்சத்துக் குறைவு எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். வேறுபடுத்தி அறிய வேரைப் பாருங்கள். செடி சிறுத்துச் சிவந்து, வேர் மட்டும் நீண்டு சுருண்டிருந்தால் மணிச்சத்துக் குறைவு. செடி அளவில் நன்றாக இருந்து, வெயில் விழும் பக்கம் மட்டும் சிவந்திருந்தால் வெளிச்சம் மிகுதி. ஐயமிருந்தால் இரண்டு கிண்ணங்களில் தொட்டி நீரோடு கொஞ்சம் கொஞ்சம் செடி எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து, இரண்டையும் ஒரே நிழலில் வையுங்கள். இரண்டும் பச்சையானால் குறை வெயிலில். மணிச்சத்து கரைத்தது மட்டும் பச்சையானால் குறை ஊட்டத்தில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்து பார்க்க இதைவிட எளிய தாவர உடலியல் சோதனை கிடைப்பது அரிது.

வெப்பம் அடுத்தது. 20 முதல் 30 டிகிரி வரை அசோலாவுக்கு உகந்தது. 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி சரியும். கோடையில் விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம், உயிரைக் காப்பதே இலக்கு. இரட்டை நிழல்வலை போட்டு, மாலையில் கிணற்று நீரால் பாதியை மாற்றி, செடிகளை மெல்லிய படலமாகவே வைத்திருக்க வேண்டும். தொட்டி தவிர, வீட்டின் குளிர்ந்த பக்கத்தில் ஓர் அகன்ற மண்தாழியில் தாய்ச்செடி தனியே இருக்கட்டும். வெயில் தாழ்ந்து மழை தொடங்கும்போது அந்தத் தாழியிலிருந்து தொட்டியை மீண்டும் நிரப்பிவிடலாம்.

பூச்சிகள் மூன்றாவது. இலைகளைப் பட்டிழையால் பின்னிக் கூடுகட்டித் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களும், நத்தைகளும் சில நாளில் தொட்டியைக் காலிசெய்துவிடும். மாட்டுக்குப் போகும் செடியில் பூச்சிக்கொல்லி கூடவே கூடாது. தொடக்கத்திலேயே தெரிந்தால் பின்னிய கொத்துகளைக் கையால் பொறுக்கி எடுக்கலாம். மிஞ்சிவிட்டால் தயங்காமல் எல்லாவற்றையும் உரக்குழிக்கு அனுப்பி, ஷீட்டைக் கழுவிக் காயவைத்து, தாழியிலுள்ள தாய்ச்செடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

நெல்லின் நிழலில்

நாற்று நட்ட மூன்று முதல் ஐந்து நாளில் ஹெக்டேருக்கு 250 கிலோ அசோலா தூவி, களையெடுக்கும்போது சேற்றில் மிதித்துவிடும் முறை தமிழ்நாட்டு நெல் சாகுபடிப் பரிந்துரைகளில் உண்டு. மிதித்துவிடுவது இங்கே முக்கியம். உயிரோடு மிதக்கும்வரை அசோலா தன் நைட்ரஜனைத் தன்னிடமே வைத்திருக்கும். சேற்றில் புதைந்து மட்கும்போதுதான் அது நெல்லுக்குக் கிடைக்கும்.

மிதக்கும் காலத்திலும் அது ஓர் உதவி செய்கிறது. வெறும் நீர் நிற்கும் வயலில் நடுப்பகலில் நுண்பாசிகள் நீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிவிட, நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அமில-கார அளவு 9-ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியம் வாயுவாக மாறிப் பறந்துபோகிறது. அசோலா நீரை மூடி வெளிச்சத்தைத் தடுத்தால் பாசிகள் அடங்கும், காரத்தன்மை ஏறாது, போட்ட உரம் வயலில் தங்கும். நைட்ரஜனைக் கொண்டுவருவதோடு இருப்பதையும் அது காக்கிறது.

தொட்டியின் எல்லை

இவ்வளவு வேகமாகப் பெருகும் உயிரை வளர்ப்பவருக்கு ஒரு கடமை இருக்கிறது. அசோலா பின்னேட்டா நம் மண்ணுக்கு உரியது. தொட்டிகளில் வளர்க்கப்படும் மைக்ரோஃபில்லா போன்ற இனங்கள் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அசோலா ஃபிலிகுலாய்டிஸ் என்ற இன்னொரு அமெரிக்க இனம் 1948-இல் அலங்காரச் செடியாகத் தென்னாப்பிரிக்காவுக்குள் போனது. பின்னாளில் அது அணைகளையும் பண்ணைக் குளங்களையும் மூடி, நீருக்குள் வெளிச்சமும் ஆக்சிஜனும் போகாமல் செய்தது. அசோலாவை மட்டுமே தின்னும் ஒரு சிறு கூன்வண்டினத்தை 1997-இல் விட்டபிறகே சில ஆண்டுகளில் அது கட்டுக்குள் வந்தது. அதன் உறவான சால்வினியா மொலெஸ்டா 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக இலங்கைக்கு வந்து, அங்கிருந்து வெளியேறி, குளங்களையும் வயல்களையும் பிடித்துக்கொண்டது. கேரளத்துக் காயல்களில் ஆப்பிரிக்கன் பாயல் என்ற பெயரில் படகுகளை மறித்ததும் அதே செடிதான். அங்கும் கூன்வண்டுகளே கைகொடுத்தன.

ஆகவே தொட்டியைக் கழுவும் நீரை ஓடையிலோ ஏரிவாய்க்காலிலோ விடாதீர்கள். தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள். செடி அங்கே காய்ந்து உரமாகிவிடும். வேண்டாமென்று முடிவெடுத்தால் குளத்தில் வீசாமல் உரக்குழியில் போடுங்கள். தாய்ச்செடி கேட்டு வரும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு கிலோ கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

யூரியா ஆலையின் வெப்பமும் அழுத்தமும் இல்லாமல், ஒரு மில்லிமீட்டர் இலைக்குள் நடக்கும் நைட்ரஜன் வேலை மனிதத் தயவால் நடப்பதல்ல; நாம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே அது நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் அந்தக் கூட்டணி கேட்பது ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் உரம், ஒரு துண்டு நிழல்வலை, தினமும் ஒரு சல்லடை அள்ளல். அந்த மூன்றையும் தவறாமல் கொடுப்பவர் வீட்டில் அசோலா கோடையையும் தாண்டும். இதற்கு ராசி தேவையில்லை. செடியின் வேலை எது, நம் வேலை எது என்று தெரிந்தால் போதும்.